ஹீட் பம்ப்பா, கேஸ் ஃபர்னஸா? வரிச்சலுகை போன பிறகு அமெரிக்க வீடுகளின் கணக்கு என்ன?

அமெரிக்காவில் வீட்டு ஹீட்டரை மாற்ற நினைத்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 கெடு தேதியாக இருந்தது. ஹீட் பம்ப் பொருத்தினால் செலவில் 30 சதவீதத்தை, அதிகபட்சம் 2,000 டாலர் வரை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அன்றோடு முடிந்தது. பைடன் ஆட்சியில் 2022-ல் வந்த சட்டப்படி இது 2032 வரை ஓடியிருக்க வேண்டியது. 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம் அதை ஏழு வருடம் முன்னாடியே மூடிவிட்டது.

நியூ ஜெர்சி, டல்லாஸ், சியாட்டில் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கும் இப்போ அதே கேள்விதான். சலுகை இல்லாமலும் ஹீட் பம்ப் லாபமா?

அது என்ன ஹீட் பம்ப்?

நம்ம வீட்டு ஏசி, அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது இல்லையா? அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். டெல்லியில் விற்கும் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசியும் இந்த வகைதான். கோடையில் அதே மெஷின் ஏசியாக ஓடும்.

ஃபர்னஸ் கேஸை எரித்து, அந்தச் சூட்டை ஃபேன் மூலம் வீடு முழுக்க அனுப்புகிறது. நல்ல ஃபர்னஸ்கூட கேஸில் இருக்கும் சக்தியில் 95 சதவீதத்தைத்தான் சூடாக மாற்றும். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் மூன்று யூனிட் சூடு தரும். கேட்டவுடன் 'அப்போ ஹீட் பம்ப்தான்' என்று தோன்றும். ஆனால் ஒரு யூனிட் கரண்டும், அதே அளவு சக்தி உள்ள கேஸும் ஒரே விலை இல்லை. சிக்கலே அங்கேதான்.

பில்லை வைத்தே கணக்குப் போடலாம்

அமெரிக்காவில் கேஸ் பில் பெரும்பாலும் 'தெர்ம்' கணக்கில் வரும். 95 சதவீத ஃபர்னஸில் ஒரு தெர்ம் எரித்தால் கிடைக்கும் சூட்டை, ஹீட் பம்ப் சுமார் 9 யூனிட் கரண்டில் கொடுத்துவிடும். எனவே கரண்ட் யூனிட் விலையை 9-ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு தெர்ம் கேஸ் விலையைவிடக் குறைவு என்றால் ஹீட் பம்ப் லாபம்.

உதாரணத்துக்கு, கரண்ட் 12 சென்ட், கேஸ் 1.40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 9 யூனிட்டுக்கு 1.08 டாலர்தான், ஹீட் பம்ப் ஜெயிக்கிறது. கரண்ட் 30 சென்ட், கேஸ் 2.20 டாலர் என்றால் 2.70 ஆகிவிடும், கேஸ்தான் மலிவு. சப்ளை, டெலிவரி இரண்டையும் சேர்த்த விலையை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீங்க.

நீர்மின்சாரம் அதிகமுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் ஹீட் பம்ப் சுலபமாக ஜெயிப்பதும், கரண்ட் விலை எகிறிக் கிடக்கும் கலிஃபோர்னியாவில் திணறுவதும் இதனால்தான். மாசசூசெட்ஸிலும் இதே பிரச்சினை. அங்கே 2025 நவம்பர் முதல் ஹீட் பம்ப் வீடுகளுக்கு மட்டும் குளிர்காலத்தில் குறைந்த கட்டணம் கொண்டுவந்திருக்கிறார்கள். 2,000 டாலர் ஒரு தடவை கிடைப்பது. இந்த மாதிரி கட்டண மாற்றம் வருஷா வருஷம் பில்லில் தெரியும். சலுகை போனதைவிட இதைத்தான் கவனிக்கணும்.

கடுங்குளிரில் ஓடுமா?

ஓடும். நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. குளிர் பிரதேசத்துக்கென வரும் மாடல்கள் மைனஸ் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் வேலை செய்யும். ஆனால் அப்போது ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு யூனிட் சூடு கிடைத்தாலே பெரிசு. மேலே சொன்ன 9 அந்த நாட்களில் 14 ஆகிவிடும்.

மெய்ன் மாநிலம் ஒரு லட்சம் ஹீட் பம்ப் இலக்கை 2023-லேயே, இரண்டு வருடம் முன்னதாக எட்டியதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே பெரும்பாலான வீடுகள் அதுவரை எரித்தது விலை கூடிய ஹீட்டிங் ஆயில். கேஸ் லைன் இருக்கும் வீட்டுக்கு அந்த உதாரணம் அப்படியே பொருந்தாது.

'கரண்ட் போனால் கேஸ்தானே காப்பாத்தும்?' என்றும் கேட்பார்கள். ஃபர்னஸின் ஃபேனுக்கும் கரண்ட் வேணும்.

எப்போது மாற்றுவது?

ஃபர்னஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரம் இல்லை. ஏசி பழுதாகும் நேரம்தான் சரியான நேரம். எப்படியும் புது ஏசிக்குச் செலவு உண்டு. கொஞ்சம் கூடுதல் பணத்தில் அதற்குப் பதில் ஹீட் பம்ப் போட்டு, பழைய ஃபர்னஸை கடுங்குளிர் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 'டூயல் ஃபியூயல்' என்று இதைச் சொல்கிறார்கள். கரண்ட் விலை நடுத்தரமாக உள்ள ஊர்களுக்கு இதுவே நல்ல வழி என்று தோன்றுகிறது. ஒரே குறை, கேஸ் இணைப்பின் மாதாந்திரக் கட்டணம் தொடரும். அடுப்பும் கேஸ் என்றால் அதை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள்.

2025-க்குள் பொருத்தி முடித்தவர்கள், அந்த ஆண்டுக்கான வரித் தாக்கலில் 5695 படிவம் மூலம் சலுகையைக் கேட்கலாம். பணம் மட்டும் கட்டி, வேலை ஜனவரியில் முடிந்திருந்தால் கிடைக்காது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு 8,000 டாலர் வரை தள்ளுபடி தரும் திட்டம் தனி. அதை மாநில அரசுகள் நடத்துகின்றன, எல்லா மாநிலத்திலும் இல்லை. வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.