நாய்க்கும் ஆத்தாள் வந்தாளோ?

தட்டம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று கைகட்டி நிற்கும் கொங்கு நாட்டுத் தோழர்களை ஒன்று கேட்கின்றோம்.

நாய்களைக் கண்ணும் மூக்கும் ஒழுகி, வலிப்புக் கண்டு சாகச் செய்யும் டிஸ்டெம்பர் கிருமி, தட்டம்மைக் கிருமிக்குப் பங்காளியாகும். அது நரிக்கும் சிங்கத்திற்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கீர் காட்டில் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பலவற்றில் இக்கிருமி இருந்தது. ஆத்தாளின் வாகனமே சிங்கம் என்கிறீர்களே, அதை அவள் ஏன் காக்கவில்லை? மற்ற சிங்கங்களைக் காக்கச் சர்க்கார் தடுப்பூசியைத்தானே தேடிற்று?

2011-ல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயும் ஒரு பங்காளியே. அதை ஒழித்தது ஊசியா, படையலா?

கோவை வாசிகளே! உண்டியலில் போடும் காசில் நாய்க்கு ஊசி போடுங்கள். ஊரோரத்து நரியும் பிழைக்கும். பிள்ளைக்கும் தவறாமல் போடுங்கள்.