நெடும் பயணத்துக்கு முன் ஒரு குறும் பயணம்



டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் நமது ஊர்களிலிருந்து வேன்கள் மலைநாட்டை நோக்கிப் புறப்படத் தொடங்கிவிடும். அவற்றிற் சிலவற்றில் போகிறவர்கள் வெறும் உல்லாசப் பயணிகளல்லர். அடுத்த வாரம் கட்டாருக்கோ கொரியாவுக்கோ பயணமாகவிருக்கும் ஒரு கூட்டாளிக்காக, "போறதுக்கு முந்தி எல்லாரும் சேர்ந்து ஒரு பயணம் போய் வருவம்" என்று கிளம்பிய இளைஞர்கள். அண்மையில் என்னிடம் ஓதும் மாணவர் ஒருவர், "உஸ்தாத், இது வீண் செலவில்லையா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குளிர்காலப் பயணம் நமது மார்க்கத்துக்குப் புதியதல்ல. அல்குர்ஆனின் 106ஆவது அத்தியாயமான சூரத்துல் குறைஷ் மாரிகாலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குறிப்பிடுகின்றது. குறைஷியர் குளிர்காலத்தில் யெமனுக்கும் கோடையில் ஷாம் தேசத்துக்கும் வணிகக் கூட்டங்களாகச் சென்று வந்தார்கள் என்று முபஸ்ஸிர்கள் விளக்குகின்றனர். அறபியில் பயணத்துக்கு 'ஸபர்' என்று பெயர். அந்தச் சொல்லின் வேருக்குத் திரையை விலக்கி வெளிப்படுத்துதல் என்ற கருத்தும் உண்டு. மனிதர்களின் உள்ளே மறைந்திருக்கும் குணங்களை வெளிப்படுத்துவதனாலேயே பயணத்துக்கு இப்பெயர் வந்தது என்று அறிஞர்கள் சொல்வார்கள். அது உண்மை என்பதை நான் என் சொந்த வெட்கத்தின் மூலமாகவே அறிந்துகொண்டேன்.

அமீரின் லட்சணம்

2003 ஜனவரி. அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து மௌலவிப் பட்டம் பெற்றிருந்த புதிது. எங்கள் கூட்டாளிகளில் ஒருவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. "உலகம் சுத்தப் போறன், அதுக்கு முந்தி நுவரெலியாவயாவது பார்த்துட்டுப் போறன்" என்றார். ஐந்து பேர் ஒரு வாடகை வேனில் அக்கரைப்பற்றிலிருந்து சுபஹுக்குப் பின் புறப்பட்டோம். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று ஏறி, எல்லயில் இராவணா நீர்வீழ்ச்சியருகே இறங்கிச் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம்.

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளவேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அபூதாவூதில் பதிவாகியுள்ளது. புது மௌலவி என்பதால் என்னையே அமீராக்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்குவது எப்படி, ளுஹரோடு அஸரைச் சேர்ப்பது எப்படி, பயணி மூன்று நாள் இரவு பகலாகத் தோல் காலுறையின் மீது மஸ்ஹு செய்வதற்குரிய நிபந்தனைகள் யாவை என்றெல்லாம் வழிநெடுகச் சட்டம் சொன்னேன். சொன்ன சட்டங்கள் சரிதான். ஆனால் வேனோட்டிய நண்பர் மொனராகலையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்ததை அமீராகிய நான் கவனிக்கவில்லை. பண்டாரவளையில் நிறுத்தி அவருக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தது கப்பலுக்குப் போகவிருந்தவர்தான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. கரையோர வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளிர் பற்களைத் தந்தியடிக்க வைத்தது. இஷாவுக்குப் பின் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, சிங்கப்பூர், ரொட்டர்டாம், பனாமா என்று அவர் காணப்போகும் துறைமுகங்களைப் பற்றிக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வெகு நேரத்துக்குப் பின் சொன்னார்:

"உம்மாட்ட மூணு மாசத்தில வருவன் எண்டுதான் செல்லியிருக்கன். ஒப்பந்தம் பன்னிரண்டு மாசம். செல்லிப் பார்த்தன், வாய் வருகுதில்ல."

கணவனை இழந்த தாய். ஒரே ஆண் பிள்ளை. அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அருகில் போய்த் தோளில் கைவைத்திருக்கலாம். நானோ பொய் சொல்வதன் கேட்டைப் பற்றிக் கால் மணி நேரம் பயான் செய்தேன். யாரும் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

சுபஹுக்குக் கடைசியாக எழுந்தவன் அமீர்தான். வெளியே புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி. அடுப்படியில் நேற்று என்னிடம் ஏச்சு வாங்கியவர், ஐந்து பேருக்கும் வுழூச் செய்யத் தண்ணீர் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் கைகளில் தானே ஊற்றினார். அந்தச் சுடுதண்ணீர் பட்டபோது எனக்கு வந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

அன்று ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதாக ஏற்பாடு. தொழுகை முடிந்ததும் வேனோட்டிய நண்பர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "மௌலவி, ராவு சட்டம் செல்லிட்டீங்க. இப்ப வண்டிய எங்க திருப்புற? ஹோர்ட்டனுக்கா, அவண்ட உம்மாட்டயா?" என்றார்.

அப்போதுதான் நான் மனனமிட்டிருந்த ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. பெற்றோரை அழ வைத்துவிட்டு ஹிஜ்ரத்துக்கு வந்த ஒருவரை, திரும்பிப் போய் அழ வைத்தவர்களைச் சிரிக்க வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஹிஜ்ரத்துக்கே அப்படியென்றால் நுவரெலியாவுக்கு எப்படி? வேன் திரும்பியது. சேர்த்த காசில் வந்த இருவரும் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்கு வந்து அவர் உண்மையைச் சொன்னபோது உம்மா அழுதார், ஏசினார். இரவு சோறு கொடுத்தார். மறுநாள் முழுவதும் மகனை அருகிலேயே வைத்துக்கொண்டார். பயணத்தன்று தன் கையாலேயே மாசிச் சம்பல் செய்து போத்தலில் அடைத்துக் கொடுத்து, ஸலவாத் சொல்லி அனுப்பிவைத்தார். எட்டாம் மாதம் அந்தத் தாய் வபாத்தானார். மகன் நடுக்கடலில். ஜனாஸாவுக்கு வர முடியவில்லை.

இப்போது அவர் ஊரில் கடை வைத்திருக்கிறார். "எத்தனையோ துறைமுகம் பார்த்தன் மச்சான், உம்மாவோட இருந்த அந்த ஒரு நாள்தான் மிச்சம்" என்பார்.

இப்னு பதூதாவின் பாடம்

உலகப் பயணி என்றால் இப்னு பதூதாவை நினையாதார் யார்? 1325இல், 21 வயதில், தஞ்சாவிலிருந்து தனியாகவே புறப்பட்டார். உயிரோடிருந்த தாய் தந்தையரைப் பிரிந்தது தம்மை வாட்டியதை அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் கூட்டாளிகள் கிடைத்தார்கள். வடக்கே வொல்கா நதிப் பிரதேசத்துக் கடுங்குளிரில், நெருப்பருகே சுடுநீரில் வுழூச் செய்தும் தாடியில் வழிந்த நீர் உறைந்துவிட்டதாம். அணிந்திருந்த ஆடைகளின் கனத்தால் குதிரையேற முடியாமல், தோழர்களே அவரைத் தூக்கி ஏற்றினார்கள். 1344இல் நமது நாட்டுக்கும் வந்து பாவாத மலையில் ஏறினார். 1348இல் திமிஷ்கை அடைந்தபோதுதான், தந்தை வபாத்தாகிப் பதினைந்து வருடங்களாகிவிட்டன என்று அறிந்தார். 1349இல் சொந்த ஊரை நெருங்கியபோது, சில மாதங்களுக்கு முன் தாயும் கொள்ளைநோயில் வபாத்தாகியிருந்தார்.

அவருக்குச் செய்தி வர வருடங்கள் சென்றன. இன்று நமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தினமும் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உண்மையை மறைப்பதற்கு அந்தத் திரையும் வசதியாகிவிடுகின்றது. சம்பளம், தவணை, கடன் பற்றிச் சொல்லாமல் விட்டவை பிறகு பெரும் சுமையாகும்.

ஆகவே, மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். போங்கள். வசதிக்கேற்பச் செலவு செய்யுங்கள். வேனோட்டுபவரைத் தூங்க விட்டே மலைப்பாதையில் ஏறுங்கள். தொழுகையைத் தவற விடாதீர்கள். அமீரை நியமியுங்கள், அமீர் முதலில் எழுந்து தண்ணீரைச் சூடாக்கட்டும். அந்தக் குளிரில் உங்கள் கூட்டாளியின் மனதில் எது கனக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பயான் செய்யாதீர்கள். தேவைப்பட்டால் வேனைத் திருப்புங்கள்.

நெடும் பயணம் போகும் நமது பிள்ளைகளின் மார்க்கத்தையும் அமானிதத்தையும் அவர்களின் இறுதிச் செயல்களையும் அல்லாஹ்விடமே ஒப்படைக்கிறோம். வழியனுப்பி வைத்த கண்கள் அவர்களை மீண்டும் காண அவன் அருள் புரிவானாக! ஆமீன்.