"ஒன்றுமில்லை" என்பது மருந்தாகுமா?

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளிலும் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளிலும் உழைப்போருக்குக் கைவலியும் முதுகுவலியும் புதியன அல்ல. அவற்றின் காரணம் பெரும்பாலும் வெளிப்படை. நாம் இங்கு எண்ணிப் பார்ப்பது வேறு சிலரை. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று கோவை வரை அலைந்து, வாரக் கூலியெல்லாம் கரைந்த பின் "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு வீடு திரும்புவோர் அவர்கள். "எல்லாம் உன்ற மனசுதான் அம்மணி" என்பார் மாமியார். வேலைக்குப் போகாதிருக்க ஒரு சாக்கு என்பார் கணவர். வலியோ போவதில்லை.

மூளையை ஆராய்ந்தோர் வேறு கூறுகின்றனர். உடலெங்கும் வலித்தும் சோதனைகளில் காரணம் புலப்படாத நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். 2002-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில் அந்நோயாளர் 16 பேருக்கும் நலமுள்ள 16 பேருக்கும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையை நோக்கினர். நலமுள்ளோருக்கு மிகுந்த அழுத்தத்தில் இயங்கிய வலிப் பகுதிகள், நோயாளருக்கு வெகு குறைந்த அழுத்தத்திலேயே இயங்கின. வாய் சொன்ன வலியை மூளையும் சொல்லிற்று!

அதற்கு முந்தைய ஆண்டில், சுவிஸ் நரம்பியலார் பாட்ரிக் வுய்யுமியே குழுவினர், நரம்புக் கோளாறு ஏதும் காணப்படாமலே உடலின் ஒரு பக்கம் செயலிழந்த 7 பேரை ஆராய்ந்தனர். மறுபக்க மூளையின் ஆழத்தில், அசைவையும் உணர்வையும் ஆளும் பகுதிகளில் இரத்த ஓட்டம் குன்றியிருந்தது. பின்னர் குணமடைந்தவர்களிடம் அது சீராயிற்று. பழுதான கம்பியன்று, இறங்கிப்போன மின்னழுத்தம் என்று நாம் ஒப்புமை கூறலாம்.

இவை சிறு குழுக்களின் சராசரிகள். "உமது வலி உண்மை" என்று தனி ஒருவருக்குச் சான்றளிக்கும் ஸ்கேன் இன்றும் இல்லை. அதற்கென எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மருத்துவரை அடிக்கடி மாற்றாமல் ஒருவரிடமே தொடர்வது நலம். சிறுகச் சிறுகக் கூட்டும் உடற்பயிற்சி, ஒழுங்கான உறக்கம், உரையாடல் வழிச் சிகிச்சை ஆகியன பலருக்கு உதவுகின்றன. மனச்சோர்வு உடனிருப்பின் அதற்கு மாத்திரைகளும் உண்டு. மனநலப் பிரிவின் வாயிலை மிதித்தாலே பைத்தியப் பட்டம் சூட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் நீடிக்கிறது. திருப்பூர் அரசு மருத்துவமனைக்கோ வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூர் நிம்ஹான்சுக்கோ செல்வதில் குடும்பத்தார் நாணுவதற்கு ஏதுமில்லை.

ஆயினும் எடை குறைதல், விடாக் காய்ச்சல், திடீரெனக் கைகால் விழுதல் ஆகியவற்றை இக்கணக்கில் சேர்த்துவிடாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.