மீதிச் சில்லறை

மூன்றாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் 50-இலிருந்து 37-ஐச் சரியாகக் கழித்துவிடும். கடையில் மீதி கொடுத்தால் எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும். குறை பிள்ளையிடம் இல்லை. 2016-இல் யுபிஐ வந்தபின் பெரியவர்கள் காசு எண்ணுவதை அது எங்கே பார்க்கிறது? பழைய மளிகைக்கடைக்காரர் கழிக்கவே மாட்டார். 37 ரூபாய்ச் சாமானுக்கு 50 கொடுத்தால், ஒரு ரூபாயை வைத்து ‘முப்பத்தெட்டு’, இரண்டு ரூபாயை வைத்து ‘நாற்பது’, பத்து ரூபாய்த் தாளை வைத்து ‘ஐம்பது’ என்று கூட்டியே மீதி தருவார். இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியவில்லை. கடிகாரத்துக்கும் இதே கதிதான்: போனில் 6:45 என்று படிக்கிற பிள்ளை ‘ஆறே முக்கால்’ என்றால் விழிக்கிறது. பிளாஸ்டிக் விளையாட்டுக் காசெல்லாம் தண்டச் செலவு. சுவரில் முள் கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். நிஜக் காசைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். இரண்டு ரூபாய் தொலைந்தால் திட்டாதீர்கள்.