கறை யாருடைய குற்றம்?



கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகள் பலர் உண்டு. 'இவன் பல்லே விளக்க மாட்டானா?' என்று சிலர் கேலி செய்வார்கள். அது தவறு. பாறையிலிருந்து கரைந்து, போர்வெல் தண்ணீரில் கலக்கும் புளோரைடுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அது உடம்பில் அதிகம் சேர்ந்தால் கறை விழும். எவ்வளவு விளக்கினாலும் போகாது.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. காய்ச்சினாலும் அது நீங்காது. தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

பின் எப்படிப் பிடிப்பது? நீரில் கரைந்த புளோரைடு எதிர்மின்சுமை கொண்ட அயனி. அலுமினா மணிகளை நீரில் போட்டால் அவற்றின் மேற்பரப்பு நேர்மின்சுமை பெறும். எதிரெதிர் மின்சுமைகள் ஈர்க்கும் அல்லவா? புளோரைடு நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் காரத்தன்மை கூடினால் அந்த மின்சுமை குறையும், பிடிப்பும் தளரும். இடமெல்லாம் நிரம்பிய மணிகளைச் சுத்தம் செய்யாவிட்டால் வடிகட்டி இருந்தும் பயனில்லை.

இன்னொரு வழி, நல்ல தண்ணீரைக் கொண்டு வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கப்பட்டு, ஓசூர் உள்பட இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் வருகிறது.

உங்கள் பள்ளியில் குடிப்பது காவிரித் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா? நாளையே ஆசிரியரிடம் கேளுங்கள். போர்வெல் என்றால், 'சோதித்துப் பார்த்தார்களா?' என்றும் கேளுங்கள். கறை படிந்த பல்லோடு சிரிக்கும் நண்பனைப் பார்த்தால், நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!