இரண்டாவது பிரேக்

“சார், லேசாப் போட்டிருந்தாக்கூட இந்த வண்டியே வீட்டுல கொண்டுபோய் விட்டுரும்ல?”

சென்ற மாதம் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பதினைந்து ஆண்டுகள் கார் ஓட்டியவர். அடாஸ் என்னும் ஓட்டுநர் உதவி வசதியுள்ள புது வண்டி வாங்கி, அதைப் பழகிக்கொள்ள நம் டிரைவிங் பள்ளிக்கு வந்திருந்தார். விளையாட்டாகக் கேட்கவில்லை, நம்பிக் கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 30, அதிகாலை மூன்றரை மணி. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டி அருகே, 101 நெடுஞ்சாலையில் ஒரு டெஸ்லா 70 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கின் பின்னால் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். ரோந்துப் போலீஸார் பின்னாலிருந்து விளக்கும் சைரனும் போட்டுப் பார்த்தும் அவர் எழவில்லை. காரின் தானியங்கி வசதி வேலை செய்கிறது என்று ஊகித்த போலீஸார், ஒரு வண்டியை அதன் முன்னால் கொண்டுபோய் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தார்கள். டெஸ்லாவும் குறைத்துக்கொண்டே வந்து நின்றது. அதற்குள் ஏழு மைல் கடந்துவிட்டது. குடிபோதைச் சந்தேகத்தில் அவரைக் கைது செய்தார்கள்.

இதைக் கேட்பவர்களில் பலர் “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலையே” என்பார்கள். அவர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2024 மார்ச் 3, பின்னிரவு. ஐ-95 நெடுஞ்சாலையில், ஓட்டுநர் உதவி வசதி இயங்கிக்கொண்டிருந்த ஒரு ஃபோர்டு கார், ஏற்கெனவே சாலையில் நின்றுவிட்ட வண்டிகள் மீது மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் மீது குடிபோதையில் உயிரிழப்பு ஏற்படுத்திய வழக்கு. ஓட்டுபவரின் கண் சாலையைப் பார்க்கிறதா என்று கவனிக்கும் கேமரா அந்த மாடலில் உண்டு. கேமராவுக்குக் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் தெரியும். பார்த்தது மண்டையில் ஏறியதா என்பது அதற்குத் தெரியாது. குடித்தவரிடம் கெட்டுப்போவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

முதல் சம்பவத்தில் முன்னால் போன வண்டி ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவதில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஓடும் வண்டியைப் பின்தொடர்வது இந்த அமைப்புகளுக்குச் சுலபம். அசையாமல் நிற்பது அப்படியல்ல. ராடாருக்குப் பாலமும் அசையாதது, பெயர்ப்பலகையும் அசையாதது. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் நகரவே முடியாது என்பதால், அதிவேகத்தில் அசையாப் பொருளின் எதிரொலியைத் தள்ளிவிடும்படி பல அமைப்புகளை வடிவமைத்திருக்கிறார்கள். நம் நாற்கரச் சாலையில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. போதையில் இரண்டு நொடி தடுமாறினால் 56 மீட்டர் போய்விட்டது.

இன்று நம் ஊரில் விற்கும் அடாஸ் கார்கள் தானியங்கி வசதியில் அதிகபட்சம் இரண்டாம் நிலை. வண்டி ஸ்டீயரிங்கைத் திருப்பும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் எந்த நொடியிலும் தலையிடத் தயாராக ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும். இந்த வேலை என்னவென்று ஓட்டக் கற்றுத்தரும் நம்மைவிட யாருக்குத் தெரியும்? நாள் முழுக்க இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக் மேல் காலை வைத்தபடி, இன்னொருவர் எப்போது தப்புச் செய்வார் என்று பார்த்துக்கொண்டிருப்பது ஓட்டுவதைவிடக் கடினம். சாயங்காலம் கால் வலிப்பதைவிடத் தலை வலிப்பதுதான் அதிகம். இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு அந்த இருக்கையில் உட்கார நம்மில் யாரும் துணிய மாட்டோம்.

அந்தக் கேள்வி கேட்டவரையும் மைதானத்துக்கு அழைத்துப்போய் அதே இருக்கையில் உட்கார வைத்தேன். புதிதாகச் சேர்ந்த மாணவி ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். “தேவைப்படும்போது நீங்க பிரேக் போடுங்க” என்றேன். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. பத்தே நிமிடத்தில் அவர் சட்டை நனைந்துவிட்டது. “சார், நானே ஓட்டிடுறேன், இது முடியல” என்றார்.

சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் நிலைக் காரில் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர்தான் ஓட்டுநர். ஊதச் சொல்லும்போது “கார்தான் ஓட்டுச்சு” என்ற பதில் எடுபடாது.

புது அடாஸ் காரோடு வருபவர்களுக்கு அந்தப் பத்து நிமிட இடப்பக்கப் பயிற்சியை நம் பள்ளிகள் எல்லாமே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனிக் கட்டணம் வாங்காதீர்கள். கடைசி நாளில் அவர்கள் கிளம்புவதற்கு முன், பேட்டையில் நமக்குத் தெரிந்த ஆக்டிங் டிரைவர் இருவரின் எண்களை அவர்கள் போனில் நம் கண்முன்னால் பதிய வையுங்கள்.