எதிர்க்கட்சி ஆசனமும் பொலிஸின் வேகமும்

வன்னித் தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ரிஷாட் பதியுதீன் 2020 ஒக்டோபர் 19 ஆம் திகதி தெஹிவளையில் கைது செய்யப்பட்டார். அவரைத் தேடிக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஆறு குழுக்கள் ஆறு நாட்களாக அலைந்திருந்தன. 2019 நவம்பர் 16 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கவென, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழும் மக்களை மன்னாருக்கு ஏற்றிச்செல்ல இலங்கை போக்குவரத்துச் சபையின் 222 பஸ்களை அமர்த்தி, அதற்கு 95 இலட்சம் ரூபா அரச பணத்தைப் பயன்படுத்தினார் என்பதே குற்றச்சாட்டு. தேர்தல் காலத்தில் பொதுப்பணம் எப்படிச் செலவானது என்பது விசாரிக்கப்பட வேண்டிய விடயம்தான். அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த விசாரணை நடத்தப்பட்ட விதம், எதிர்க்கட்சியில் இருப்பவரைப் பொலிஸ் எந்தக் கண்கொண்டு பார்க்கிறது என்பதை மன்னார் மக்களுக்குத் தெளிவாகக் காட்டிவிட்டது.

அந்த பஸ்களில் இருந்தவர்கள் யார் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் மன்னார்த் தீவிலிருந்தும் முசலிப் பகுதியிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கையில் கொண்டுவந்தது சொற்பம். போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அவர்களில் ஆயிரக்கணக்கானோரின் பெயர் மன்னார் வாக்காளர் இடாப்பிலும், குடியிருப்பு புத்தளத்திலுமாகவே இருந்தன. வாக்குரிமை ஒன்றே அவர்களைப் பிறந்த மண்ணோடு பிணைத்திருந்த சட்டபூர்வமான கயிறு. தேர்தல் நாளன்று அதிகாலையில் அந்த பஸ் தொடர் தந்திரிமலையை நெருங்கியபோது, வீதியில் டயர்களை எரித்துத் தடை போட்டவர்கள் கல் வீசினார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் நேரவில்லை. இத்தனைக்கும் பிறகு வாக்களிக்கச் சென்ற மக்கள், ஓராண்டு கழித்து அதே பயணமே தங்கள் பிரதிநிதியின் கைக்கு விலங்காக வந்ததைப் பார்த்தார்கள். அவர்களுடைய வாக்கே குற்றமாக்கப்பட்டது போல் அது அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கைதுக்கு முந்திய நாட்களில் நடந்தவை கவனத்துக்குரியவை. அவரைக் கைது செய்யுமாறு சட்டமா அதிபர் ஒக்டோபர் 13 ஆம் திகதி அறிவுறுத்தினார். பொலிஸார் பிடியாணை கேட்டுக் கோட்டை நீதவானிடம் சென்றனர். பிடியாணை இன்றியே கைது செய்ய இயலும் எனக் கூறி நீதவான் அதை வழங்க மறுத்தார். அதன் பின்னரே ஆறு குழுக்களின் தேடுதல் நடந்தது. தொலைக்காட்சிகள் அதை நாள்தோறும் தொடர்கதையாக ஒளிபரப்பின. பாராளுமன்றத்தில் பகிரங்கமாகப் பேசிவந்த, முன்னர் பலமுறை விசாரணைக்கு முகம் கொடுத்த ஒருவரைத் தப்பியோடிய கொலையாளியைப் போல் நாட்டுக்குக் காட்டுவதால் வழக்குக்கு எந்தப் பயனும் இல்லை. அவர் தலைமறைவானது தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. என்றாலும், நியாயமாக விசாரிக்கப்படுவோம் என்ற நம்பிக்கை இருக்குமிடத்தில் மக்கள் பிரதிநிதி ஒருவர் ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை எழாது.

பிணை விடயத்தில் சட்டமே பொலிஸின் கையை ஓங்க வைத்திருக்கிறது. 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துக்களுக்கெதிரான குற்றங்கள் சட்டத்தின்படி, சம்பந்தப்பட்ட தொகை 25,000 ரூபாவுக்கு மேல் என உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் அல்லது அதற்கு மேல் உள்ள அதிகாரி ஒருவர் சான்றளித்துவிட்டால், விதிவிலக்கான சூழ்நிலைகளில் அன்றி நீதவான் பிணை வழங்க முடியாது. பெறுமதி வீழ்ந்த ரூபாவில் இன்று 25,000 என்பது ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாமான் செலவுக்கே போதாது. ஆக, ஒருவர் விளக்கமறியலில் இருப்பதா, வீட்டுக்குப் போவதா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிப்பது நீதவானின் மனம் அல்ல, பொலிஸ் அதிகாரியின் சான்றிதழ். இந்தச் சட்டம் அரச சொத்தைச் சூறையாடுபவர்களைத் தடுக்க வந்தது. நடைமுறையில் அது அரசியல் எதிரியை விரைவாக உள்ளே தள்ளுவதற்கு வாய்ப்பான கருவியாகவும் ஆகிவிட்டது. 2025 ஓகஸ்ட் 22 ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைது செய்யப்பட்டு நான்கு நாட்கள் விளக்கமறியலில் வைக்கப்பட்டபோதும் இதே சட்டமே பேசப்பட்டது. ஆட்சிகள் மாறியும் கருவி மாறவில்லை.

பதியுதீனுக்கு 2020 நவம்பர் 25 ஆம் திகதி பிணை கிடைத்தது. அவர் விளக்கமறியலில் இருந்த ஒக்டோபர் 22 ஆம் திகதிதான் ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கிய அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்க்கட்சியிலிருந்து எட்டு உறுப்பினர்கள் அதை ஆதரித்தனர். கைதுக்கும் அந்த வாக்கெடுப்புக்கும் தொடர்பு உண்டா என்று ஊரெங்கும் கேட்கப்பட்டது. தொடர்பு இருந்ததோ இல்லையோ, அப்படியொரு கேள்வி எழும்படியாகப் பொலிஸ் நடந்துகொண்டதே அரசின் மீதான நம்பிக்கைக்கு விழுந்த அடி.

இரண்டாவது கைது இன்னும் கடுமையானது. 2021 ஏப்ரல் 24 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பில் உள்ள அவரது இல்லத்துக்குச் சென்ற குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர், உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்து தடுப்புக் காவலில் வைத்தனர். 2019 நடுப்பகுதியில் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த சி.டி. விக்கிரமரத்னவே, பதியுதீனுக்குப் பயங்கரவாதத்தோடு தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை எனப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அறிவித்திருந்தார். கைது நடந்தபோதும் பொலிஸ் மா அதிபர் அவர்தான். இரு நிலைகளுக்கும் இடையில் உறுதியாக மாறியிருந்தது ஒன்று: 2019 இல் பதியுதீன் ஆளும் தரப்பில் இருந்தார், 2021 இல் எதிர்க்கட்சியில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மனுவை விசாரிப்பதிலிருந்து உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினர். ஏறக்குறைய ஆறு மாதங்கள் காவலில் கழிந்த பின்னர் ஒக்டோபர் 14 ஆம் திகதியே அவர் பிணையில் வெளிவந்தார். 2022 நவம்பரில் நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. அந்த ஆறு மாதங்களை அவருக்கோ அவரைத் தெரிவுசெய்த வாக்காளர்களுக்கோ திருப்பித் தர எந்தச் சட்டத்திலும் இடமில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் உறவுகளை இழந்து இன்றுவரை உண்மைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதனால் ஒரு துளி நீதியும் கிட்டவில்லை.

பதியுதீன் குற்றமற்ற தியாகி என்று வாதிடுவது இந்தத் தலையங்கத்தின் நோக்கமல்ல. மன்னாரில் அவர்மீது மனக்குறை உள்ளவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. 2012 யூலையில் நடந்ததை மன்னார் நகரம் மறக்கவில்லை. மீன்பிடித் துறை ஒன்றின் உரிமை தொடர்பாக விடத்தல்தீவுத் தமிழ் மீனவர்களுக்கும் உப்புக்குளம் முஸ்லிம் மீனவர்களுக்கும் இடையே பிணக்கு மூண்டு வழக்கானது. யூலை 18 ஆம் திகதி நீதிமன்றக் கட்டடத்தின் மீதே கல்வீச்சு நடந்தது. பொலிஸார் கண்ணீர்ப்புகை வீச வேண்டியதாயிற்று. நீதவானைத் தொலைபேசியில் மிரட்டினார் என்ற குற்றச்சாட்டு அப்போது கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்த பதியுதீன் மீது எழுந்தது. அதை அவர் மறுத்தார். நாடு முழுவதும் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது ஆறு குழுக்கள் தேடவில்லை, அதிகாலையில் எவரும் கதவைத் தட்டவில்லை. அவர் அமைச்சராகவே தொடர்ந்தார். நீதித்துறையின் மீதே கை வைத்ததாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டில் பொலிஸ் நிதானம் காத்தது. பஸ் கட்டண விவகாரத்தில் வேட்டைக்குப் புறப்பட்டது. இந்த வேறுபாட்டுக்குக் குற்றத்தின் பாரத்தை அளவுகோலாக வைத்து விளக்கம் சொல்ல முடியாது.

அதே மனிதர் விடயத்தில் சட்டம் முறையாகவும் இயங்கியிருக்கிறது. வில்பத்துவின் வடபுறக் காட்டில் மீள்குடியேற்றத்துக்காக நிலம் துப்புரவாக்கப்பட்டதை எதிர்த்துச் சுற்றாடல் அமைப்பொன்று 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. இரு தரப்பும் கேட்கப்பட்டு, 2020 நவம்பர் 16 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. காடழித்தது சட்டவிரோதம் என்றும், மரம் நடும் செலவைப் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. அத்தீர்ப்பு மீளக் குடியேறிய முசலி மக்களுக்குக் கசப்பானதுதான். ஆனால் காரணங்கள் எழுத்தில் இருந்தன, வாதாட வாய்ப்பும் இருந்தது. அரசியல்வாதியைச் சட்டத்தின் முன் நிறுத்த இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

பொலிஸின் கடும்போக்கு ஒரு கட்சிக்கோ ஒரு சமூகத்துக்கோ மட்டும் எதிரானதாக இருக்கவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டியில் முடிந்த பேரணி மன்னார் வழியாகவும் சென்றது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த அரிதான நிகழ்வு அது. அதைத் தடுக்கப் பொலிஸார் பல நீதிமன்றங்களில் தடையுத்தரவு கோரினர். நடந்து முடிந்த பின்னர் பங்கெடுத்த பாராளுமன்ற உறுப்பினர்களிடம் வாக்குமூலம் பெற்றனர். அவர்களில் ஒருவரான எம்.ஏ. சுமந்திரனுக்கு வழங்கப்பட்டிருந்த விசேட அதிரடிப் படைப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. அமைதியாக வீதியில் நடந்தவர்களிடம் மாதக்கணக்கில் கேள்வி கேட்பதற்குச் செலவான ஆளணியும் நேரமும், இதே கரையோரத்தில் போதைப்பொருள் கடத்தலைத் தடுக்கப் பயன்பட்டிருந்தால் மீனவக் குடும்பங்கள் வாழ்த்தியிருக்கும்.

2024 நவம்பர் 14 ஆம் திகதிப் பொதுத் தேர்தலில் வன்னி மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. வேறெந்தக் கட்சியும் அங்கு அவ்வளவு வாக்குப் பெறவில்லை. பழைய ஆட்சிகளின் பொலிஸை மாற்றுவோம் என்ற வாக்குறுதியை நம்பி அளிக்கப்பட்ட வாக்குகள் அவற்றில் ஏராளம். அந்தக் கட்சியின் மூத்தோர் 1971 இலும் 1980 களின் இறுதியிலும் அரச வன்முறையைத் தங்கள் உடலில் அனுபவித்தவர்கள். அதனால்தான் 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி இரவு மன்னாரில் நடந்தது இரட்டிப்பாக வலித்தது. தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று மக்கள் ஓகஸ்ட் முதல் போராடி வந்தார்கள். 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகளுக்குப் பின் வெள்ளம் வடியும் வழிகள் அடைபட்டதாகவும், மீன் வளம் குறைந்ததாகவும் அவர்கள் முறையிட்டனர். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்துப் பின்னர் தொடர அனுமதித்தார். காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் பாதுகாப்போடு தீவுக்குள் கொண்டுவரப்பட்ட அந்த இரவில், வழிமறித்து நின்ற பெண்களும் குருவானவர்களும் உட்படப் பொதுமக்கள் பொலிஸாரின் தாக்குதலுக்கு உள்ளானார்கள். செப்டெம்பர் 29 ஆம் திகதி மாவட்டம் ஹர்த்தாலில் மூடிக்கிடந்தது. கட்சி பார்க்காமல், மதம் பார்க்காமல் கடைகள் பூட்டப்பட்டன. எதிர்க்கட்சி அரசியல்வாதி மீது பழகிய கை, தருணம் வந்ததும் சாதாரண மக்கள் மீதும் விழுந்தது.

செய்ய வேண்டியவை மங்கலானவை அல்ல. முதலாவது, செப்டெம்பர் 26 இரவு கட்டளை வழங்கிய அதிகாரி யார், பலத்தைப் பிரயோகிக்க எந்தக் காரணம் சொல்லப்பட்டது என்பவை விசாரிக்கப்பட்டு, அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். திணைக்கள உள்விசாரணை இதற்குப் போதாது. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை 2001 இல் 17 ஆவது திருத்தம் உருவாக்கியது, 2010 இலும் 2020 இலும் வலுவிழக்கச் செய்தார்கள், 2022 இல் 21 ஆவது திருத்தம் மீண்டும் நிமிர்த்தியது. ஒவ்வொரு முறையும் பொலிஸைத் தன் பிடிக்குள் வைத்திருக்க விரும்பிய ஆட்சியே அதை முடக்கியது. தேசபந்து தென்னகோனை 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி 177 வாக்குகளால், ஒரு வாக்குக்கூட எதிராக விழாமல், பொலிஸ் மா அதிபர் பதவியிலிருந்து அகற்றிய பாராளுமன்றம் இந்த ஆணைக்குழுவுக்கு உரிய நிதியையும் விசாரணை அதிகாரிகளையும் கொடுக்க முடியாது என்று சொல்லத் தகுதியற்றது.

இரண்டாவது, பொதுச் சொத்துச் சட்டத்தின் பிணைப் பிரிவு திருத்தப்பட வேண்டும். பிணை வழங்குவதா இல்லையா என்பதை நீதவானே தீர்மானிக்க வேண்டும். 25,000 ரூபா என்ற எல்லையும் இன்றைய பெறுமதிக்கு ஏற்ப உயர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தலில் கொடுத்த வாக்கை, அதே அதிகாரங்களை வேறு பெயரில் திருப்பிக் கொண்டுவராமல், அரசாங்கம் நிறைவேற்ற வேண்டும். அமைச்சரின் கையொப்பத்தோடு 90 நாட்கள் ஒருவரை அடைத்துவைக்க முடிகிற நாட்டில் எதிர்க்கட்சி என்ற சொல்லுக்குப் பாதுகாப்பில்லை.

மூன்றாவது, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் கைது செய்யும்போது பின்பற்றும் நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பாணை முதலில் அனுப்பப்பட வேண்டும். தப்பியோடும் ஆபத்து உண்மையாக இருந்தாலன்றி அதிகாலைக் கைதும் கமராக்களுக்கு முன்னான தேடுதலும் கூடாது. கைதின் காரணத்தைச் சபாநாயகருக்கு எழுத்தில் அறிவித்து, தண்டனை பெறாத உறுப்பினரை அமர்வுகளுக்கு அழைத்துவருவது அமைச்சரின் விருப்பத்துக்கு விடப்படாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும். இது உறுப்பினருக்கான சலுகை அல்ல. 2021 இல் ஏறக்குறைய ஆறு மாதங்கள் தங்கள் பிரதிநிதி காவலில் இருந்த சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, எருக்கலம்பிட்டி வாக்காளர்களின் உரிமை. ஆளும் தரப்பு அரசியல்வாதிகள் மீதான முறைப்பாடுகளுக்கும் இதே நடைமுறையும் இதே கால எல்லையும் பொருந்த வேண்டும். இரு தரப்பு வழக்குகளும் எத்தனை நாட்களில் நகர்ந்தன என்ற விபரத்தைச் சட்டமா அதிபர் திணைக்களம் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.